எட்டுப் பேருக்கான புரொப்பல்லர்

எழுதுவதற்கு எனக்கு ஒரு தகுதியும் கிடையாது. பத்தாவது வரை படித்தேன். அதிலும் தமிழ் வாத்தியார் என் கட்டுரையைத் திருப்பித் தரும்போது என் முகத்தைப் பார்க்காமல்தான் தருவார். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் எனக்குப் பேச்சு வராது. திருத்தணி ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் வண்டி ஸ்டாண்டு வைத்திருக்கிறேன். காலையில் சென்னைக்கு ரயில் பிடிக்க ஓடுகிறவர்கள் டோக்கனைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவார்கள். எனக்கு வண்டிகளைத் தெரியும், அவற்றின் மேல் வந்தவர்களைத் தெரியாது. இப்படிப்பட்ட ஒருவன் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டதைப் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எழுதுவதற்கு ஒரே காரணம்தான். எங்கள் அக்கா ஊர் ஏரித் தெப்பலில் நடந்ததை இப்போது பல பேர் பல விதமாகச் சொல்கிறார்கள். ஒருவர் கதையிலும் புரொப்பல்லர் வருவதில்லை. அன்றைக்கு அந்த ஏரியில் தன் வேலையை ஒழுங்காகச் செய்தது அது ஒன்றுதான்.

பாவா என்று நான் சொல்வது அக்காவின் கணவரை. ஆர்.கே.பேட்டை போகும் ரோட்டில் அவர்கள் ஊர். நான்கைந்து பவர்லூம் வைத்திருக்கிறார். கொஞ்சம் நிலமும் உண்டு. எடை கூடுதலான மனிதர். இப்போது அம்மன் கோயில் திருவிழாக் கமிட்டித் தலைவர். அந்தப் பதவிக்காக அவர் பட்ட பாட்டை வேறு எதற்காவது பட்டிருந்தால் வீட்டு மாடி எழும்பியிருக்கும் என்று அக்கா சொல்லுவாள்.

பாவாவுக்கு ஒரு பழைய காயம். அவருக்கும் அக்காவுக்கும் கல்யாணம் ஆன புதிதில் ஏரி நிரம்பி, அம்மனுக்குத் தெப்பல் விட்டார்கள். பாவா பட்டு வேட்டி கட்டிக்கொண்டு, கரையில் நிற்கும் புதுப்பெண்டாட்டி பார்க்கும்படி தெப்பலில் ஏறி நின்றார். அப்போதைய கமிட்டித் தலைவர் அவரை மேலும் கீழும் பார்த்து, "டேய், நீ எறங்குடா. உன் வெயிட்ட அம்மனே தாங்க மாட்டா" என்று சொன்னாராம். ஊர் சிரித்தது. அக்காவும் சிரித்தாள். பாவா இறங்கிவிட்டார். அதற்குப் பிறகு ஏரி ஒழுங்காக நிரம்பவே இல்லை. பாவா அதற்காகக் காத்திருந்தார். தான் தலைவராக இருக்கும்போது ஏரி நிரம்ப வேண்டும், தலையில் பரிவட்டம் கட்டிக்கொண்டு அம்மன் பக்கத்தில் நின்று மூன்று சுற்றும் வர வேண்டும், அதை அந்த ஊர் பார்க்க வேண்டும். இதை அவர் யாரிடமும் மறைத்ததில்லை. குடித்தால் சொல்லுவார், குடிக்காவிட்டாலும் சொல்லுவார்.

ஒரு மழைக்காலத்தில் ஏரி நிரம்பியது. மதகுப் பக்கமும் கரையை ஒட்டிய வாய்க்காலும் மட்டும் ஆழம், நடுவில் இடுப்பளவுத் தண்ணீர். ஆனாலும் தண்ணீர் தண்ணீர்தான். பாவா தெப்பல் அறிவித்துவிட்டார். முன்பெல்லாம் கரையில் இருந்து கயிறு கட்டி இழுப்பார்கள். இப்போது கரை முழுக்கக் கருவேல முள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடக்க வழியில்லை. பாவா வேறு எங்கோ நடந்த தெப்பலை செல்போனில் பார்த்தார். நீல பிளாஸ்டிக் டிரம்களை வரிசையாகக் கட்டி, மேலே இரும்புச் சட்டம் வைத்து, பலகை அடித்து, பின்னால் மோட்டார் மாட்டி ஓட்டியிருந்தார்கள். படகு மாதிரியும் இருந்தது, கல்யாண மேடை மாதிரியும் இருந்தது. அதுவே வேண்டும் என்றார்.

டிரம்மும் பலகையும் சேர்ந்துவிட்டன. மோட்டாருக்கு அரக்கோணத்தில் ஒரு பாய் கடைக்குப் போனோம். பாவா, கமிட்டிப் பொருளாளர், நான். பொருளாளர் உரக்கடைக்காரர். என்னை ஏன் அழைத்துப் போனார்கள் என்றால், தெப்பலை ஓட்டப் போவது நான்தான் என்று பாவா முடிவு செய்திருந்தார். நான் முன்பு பவர் டில்லர் ஓட்டியிருக்கிறேன். தவிர, மோட்டாருக்குப் பக்கத்தில் உட்காருகிற ஆள் அம்மனின் முதுகுக்குப் பின்னால் இருப்பான், கரையில் இருப்பவர்களுக்குத் தெரியமாட்டான். அந்த இடத்துக்கு அந்த ஊரில் யாரும் போட்டிக்கு வரவில்லை.

பாய் தண்ணீர் இறைக்கும் இன்ஜின்களை ரிப்பேர் செய்கிறவர். பழவேற்காட்டுப் பக்கம் மீன் பிடிக்கிற யாரோ விற்ற படகு மோட்டார் ஒன்று அவரிடம் வந்து சேர்ந்திருந்தது. கூடவே, தண்ணீருக்குள் சுழன்று படகைத் தள்ளுகிற புரொப்பல்லர் இரண்டு. ஒன்று மூன்று இறக்கை, ஒல்லி, பளபளவென்று இருந்தது. இன்னொன்று நாலு இறக்கை, அகலம், கறுத்துப்போய் யானைக் காது மாதிரி மடங்கியிருந்தது.

"எத்தினி பேரு ஏறுவீங்க?" என்று பாய் கேட்டார்.

"அது எதுக்கு உனுக்கு? மோட்டார குடு" என்றார் பாவா.

"அது தெரிஞ்சாத்தாங்க எத மாட்றதுன்னு சொல்ல முடியும். திருத்தணி மலை மேல பஸ்ஸு ஏறச்சொல்ல இன்னா கியர்ல ஏறுது?"

"ஃபஸ்ட்டு கியரு."

"டாப்புல ஏறுமா?"

"எப்படி ஏறும்? நின்னுடும்."

"அதாங்க. இந்த ஒல்லி கீதே, இது டாப்பு. ஒரு சுத்து சுத்திச்சின்னா தூரமா போய் நிக்கும். ஆனா ஆளு கம்மியா இருக்கணும். இந்தக் கறுப்பு ஃபஸ்ட்டு கியரு. மெதுவாத்தான் போவும், எவ்ளோ வெயிட்டு வெச்சாலும் தள்ளிகினு போவும். எத்தினி பேரு?"

பாவா விரலை மடக்கினார். "அம்மன். பூசாரி, அவருக்கு ஒரு ஆளு. நாயனம், மேளம். ஓட்றதுக்கு இவன். நானு. பொருளாளரு. இன்னும் ஒருத்தர் போட்டுக்க. எட்டு பேரு."

"எட்டு பேருன்னா ஒல்லியே போதும்."

"நீ படகுல போயிருக்கியா பாய்?" என்று பொருளாளர் சந்தேகமாகக் கேட்டார்.

"நானா? தண்ணின்னாலே எனுக்குப் பயங்க. புஷ்கரணி படிக்கட்டுல கூட எறங்க மாட்டேன்" என்றார் பாய். அவரே சிரித்துக்கொண்டு, "ரெண்டையும் எடுத்துகினு போங்க. எது வேணுமோ வெச்சிகினு இன்னொண்ண குடுத்துடுங்க. வெள்ளிக்கிழமை தவிர என்னிக்கு வேணா வாங்க, கடை தொறந்திருக்கும்" என்றார்.

எதை வைத்துக்கொள்வது என்பதைக் கமிட்டி கூடி முடிவு செய்தது. இங்கேதான் எங்கள் பக்கத்து ஆட்களின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். நாங்கள் போர்வெல்லும் பம்ப்செட்டுமாக வளர்ந்தவர்கள். புது மோட்டார் இறக்கினால், தேங்காய் உடைத்து சுவிட்சைப் போட்டுவிட்டு, எல்லோரும் குழாய் வாயைத்தான் பார்ப்போம். தண்ணீர் குழாயிலிருந்து எவ்வளவு தள்ளித் துள்ளி விழுகிறதோ அவ்வளவு நல்ல மோட்டார். குழாயை ஒட்டி வழிந்தால் மோட்டாரும் சரியில்லை, மோட்டார் வாங்கியவனும் சரியில்லை. பெண் கொடுக்கிற வீட்டில்கூட மாப்பிள்ளை வீட்டுப் பம்ப்செட்டைப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

அதே கணக்கில் புரொப்பல்லரையும் சோதித்தார்கள். பாவாவின் கழனியில் பம்ப்செட் தொட்டி ஒன்று இருக்கிறது. அதன் சுவரில் மோட்டாரை மாட்டி முதலில் ஒல்லியைப் போட்டார்கள். நான் கயிற்றை இழுத்தேன். மோட்டார் உறுமியதும் தொட்டியில் இருந்த தண்ணீர் நுரைத்து, சீறி, மேலே எழும்பி, பக்கத்திலிருந்த தென்னை மரத்தில் போய் அடித்தது. வழியில் பொருளாளர் நின்றிருந்தார். அவர் உச்சந்தலை முதல் செருப்பு வரை நனைந்துவிட்டார். கமிட்டி கைதட்டியது. நானும் தட்டினேன். பார்க்க அவ்வளவு நன்றாக இருந்தது.

பிறகு கறுப்பைப் போட்டார்கள். தண்ணீர் தெறிக்கவே இல்லை. தொட்டித் தண்ணீர் மொத்தமாக எதிர்ப்பக்கம் போய்ச் சுவரில் மோதி அமைதியாகத் திரும்பி வந்தது. தொட்டிச் சுவர் லேசாக அதிர்ந்தது. அதை நான் கையில் உணர்ந்தேன், ஆனால் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

"இன்னா இது, மாவாட்டுது?" என்றார் ஒருவர்.

"இத அம்மனுக்கு வெச்சிகினு போனா பக்கத்து ஊருக்காரன் சிரிப்பான்" என்றார் இன்னொருவர்.

பொருளாளர் தலையைத் துவட்டிக்கொண்டே, "அடி வாங்கினவன் சொல்றேன், அந்த ஒல்லிதான் சரி" என்றார். அத்துடன் முடிந்தது.

அக்கா டீ எடுத்துக்கொண்டு வந்தாள். டம்ளரைக் கொடுத்துக்கொண்டே, "தெப்பல்ல எத்தினி பேரு ஏறப் போறீங்க?" என்று கேட்டாள்.

"எட்டு பேரு" என்று பாவா சொன்னார்.

"இங்கியே பன்னெண்டு பேருக்கு டீ போட்டுகினு வந்திருக்கேன். இதுல யாரு நிக்கப் போறீங்க கரையில?"

எல்லோரும் டீயைக் கவனமாக ஊதினார்கள். ஒவ்வொருவரும் மனதுக்குள் எட்டுப் பேரை எண்ணிக்கொண்டிருந்தார்கள் என்று நினைக்கிறேன். ஒவ்வொருவர் எண்ணிக்கையிலும் அவரவர் இருந்தார்கள்.

"பொம்பளைங்க எத்தினி பேரு?" அக்கா விடவில்லை.

"பொம்பளைங்க கரையிலேர்ந்து பாத்தாதான் அழகு" என்றார் பாவா.

"ஆமா. நீங்கெல்லாம் இடிச்சிகினு நிக்கறத கரையிலேர்ந்து பாக்கறது அழகாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

எனக்கு அப்போது பாய் சொன்னது ஞாபகம் வந்தது. "பாவா, ஜாஸ்தி பேரு ஏறினா கறுப்பத்தான் மாட்டணும்னாரே பாய்" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். என் குரலே அவ்வளவுதான்.

"பாய் கிட்ட எட்டு பேருன்னு சொல்லிட்டேன் மச்சான். சொன்ன பேச்சு மாறக் கூடாது" என்றார் பாவா. வாக்குத் தவறாத மனிதர்.

மறுபடி ஒரு சோதனையும் நடந்தது. தெப்பலை ஏரியில் இறக்கி, ஒல்லியை மாட்டி, நானும் பாவாவும் பொருளாளரும் மட்டும் ஏறி ஓட்டிப் பார்த்தோம். தெப்பல் அம்பு மாதிரி போயிற்று. பவர் டில்லருக்கும் இதற்கும் ஒரே ஒரு வித்தியாசம், கைப்பிடியை இடது பக்கம் தள்ளினால் தெப்பல் வலது பக்கம் திரும்புகிறது. அதைப் பழகிக்கொண்டேன். பாவா முன்னால் நின்று, வராத அம்மனுக்குப் பக்கத்தில், இல்லாத பரிவட்டத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கரைக்கு வந்ததும், "மச்சான், இத குடுத்துட்டு வந்துடு" என்று கறுப்பை ஒரு சாக்குப் பையில் போட்டு என்னிடம் கொடுத்தார். நான் பஸ் ஏறி அரக்கோணம் போய் பாயிடம் கொடுத்துவிட்டு வந்தேன். பாய், "எட்டு பேருதானே?" என்று மறுபடியும் கேட்டார். நான் தலையை ஆட்டினேன். அது ஆமாம் என்றும் இருந்திருக்கலாம், இல்லை என்றும் இருந்திருக்கலாம்.

தெப்பல் பௌர்ணமியன்று. அது வியாழக்கிழமை வந்தது. சாயங்காலமே ஊர் முழுக்கக் கரையில் கூடிவிட்டது. ஆர்.கே.பேட்டையிலிருந்தும் பள்ளிப்பட்டுப் பக்கமிருந்தும் ஜனம் வந்திருந்தது. தெப்பலில் சீரியல் லைட் போட்டு, நடுவில் அம்மனை அலங்காரத்தோடு வைத்தார்கள். பூசாரி ஏறினார். அவருடைய ஆள் ஏறினார். நாயனக்காரரும் மேளக்காரரும் ஏறி, பின்னால் என் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். நாயனத்துக்கு முன்னால் ஒரு வயர்லெஸ் மைக்கை வைத்தார்கள். பாவா பரிவட்டம் கட்டிக்கொண்டு ஏறினார். பலகை லேசாக ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. நான் அவரைப் பார்த்தேன். அப்படி ஒரு முகத்தை நான் அவரிடம் அதற்கு முன் பார்த்ததில்லை, அவர் கல்யாணத்தில்கூட.

பிறகு மற்றவர்கள் ஏற ஆரம்பித்தார்கள்.

பொருளாளர் ஏறினார், அவர் தம்பியும் ஏறினார். லைட் உபயம் செய்தவர் ஏறினார். லைட்டுக்கு ஜெனரேட்டர் கொடுத்தவர் ஏறினார், ஜெனரேட்டரும் ஏறியது. வட்டாரத்தில் பெரிய பதவியில் இருக்கும் ஒருவர் வந்தார். அவர் தனியாக ஒரு படியிலும் ஏறி வழக்கமில்லாதவர். முன்னால் இரண்டு பேர், பின்னால் மூன்று பேர். அவர்களை வீடியோ எடுக்க ஒருவர். கமிட்டிக்காரர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் வந்தார்கள். கடைசியாக அந்தப் பழைய தலைவர், பாவாவை அன்றைக்கு இறக்கிவிட்டவர், தள்ளாடிக்கொண்டு வந்தார். அவருக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் வந்தது. ஒவ்வொருவர் கால் வைக்கும்போதும் பாவா, "வாங்க, வாங்க" என்றார். வேண்டாம் என்று யாரிடம் சொல்ல முடியும்? அவரை ஒருவர் அப்படிச் சொன்னதைத்தானே அவர் இத்தனை வருடம் சுமந்துகொண்டிருந்தார்.

டிரம்கள் தண்ணீருக்குள் இறங்கிவிட்டன. பலகை இடுக்கு வழியாகத் தண்ணீர் வந்து என் கால் விரலை நனைத்தது. மோட்டாரைப் போட்டேன். அது கொஞ்ச நேரம் வயிற்றுவலி வந்த எருமை மாதிரி முனகிவிட்டு, நகர்ந்தது. கரையில் அறிவிப்பாளர், "அன்னையின் தெப்பல் அசைந்து ஆடி அழகாக வந்துகொண்டிருக்கிறது!" என்று ஒலிபெருக்கியில் முழங்கினார். குலவைச் சத்தம் எழுந்தது.

நடு ஏரிக்குப் போவதற்குள் மேல்காற்று எதிரே வந்தது. அத்துடன் நின்றுவிட்டோம். மோட்டார் என்னவோ ஓடிக்கொண்டுதான் இருந்தது. பின்னால் தண்ணீர் நுரையாகப் பொங்கிச் சீறியது, தொட்டியில் சீறிய மாதிரியே. தென்னை மரம் இருந்திருந்தால் அதன் மேலும் அடித்திருக்கும். தெப்பல்தான் நகரவில்லை. டாப் கியரில் மலை ஏறினோம். புகை கிளம்பி நேராக அம்மன் மேல் போயிற்று. பூசாரி இருமினார். கரையில், "அசைந்து ஆடி, அழகாக!" என்று ஒலிபெருக்கி சொல்லிக்கொண்டிருந்தது.

"இன்னும் முறுக்குபா!" என்றார் ஜெனரேட்டர்காரர்.

"முறுக்காத, முறுக்காத, நிறுத்தி நிறுத்திப் போடு!" என்றார் பொருளாளரின் தம்பி.

"கார்பரேட்டர்ல தூசி" என்றார் வீடியோக்காரர். பதவிக்காரர் தன் ஆட்களைப் பார்த்தார். அவர்கள் மோட்டாரைக் கோபமாகப் பார்த்தார்கள். மோட்டார் அதற்குப் பயந்த மாதிரி நின்றுவிட்டது.

நாயனமும் நின்றது. சத்தமில்லாமல் தெப்பல் பின்பக்கமாக நகர ஆரம்பித்தது. பின்னால், ஏரிக்குள்ளேயே முளைத்திருந்த கருவேலப் புதர். அம்மனின் பட்டுப்புடவைக்கும் முள்ளுக்கும் நடுவில் இன்னும் கொஞ்சம் தண்ணீர்தான் இருந்தது.

"ஒரு பத்து பேரு எறங்கினா போய்டும்ங்க" என்று பாவா பொதுவாகச் சொன்னார். "தண்ணி இடுப்பளவுதான்."

எல்லோரும் அடுத்தவரைப் பார்த்தார்கள். உபயக்காரர், தான் இறங்கினால் உபயம் செய்ததற்கு அர்த்தம் இல்லை என்றார். ஜெனரேட்டர்காரர், தான் போனால் லைட் போய்விடும் என்றார். பதவிக்காரரின் ஆட்கள் பதில் சொல்வதுகூடத் தங்கள் வேலை இல்லை என்று நின்றார்கள். பொருளாளர் தனக்குச் சர்க்கரை இருப்பதாகச் சொன்னார். அதற்கும் தண்ணீருக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை.

நாற்காலியில் உட்கார்ந்திருந்த பழைய தலைவர் மெல்லத் தலையைத் தூக்கி பாவாவை மேலும் கீழும் பார்த்தார். வாயைத் திறந்தார். அவர் என்ன சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பாவாவுக்கும் தெரிந்துவிட்டது. பரிவட்டத்துக்குக் கீழே அவர் முகம் அப்படியே சுருங்கியது.

அந்த வார்த்தையை அந்த வாயிலிருந்து அவர் இரண்டாம் தரம் கேட்கக் கூடாது என்று எனக்குத் தோன்றியது. வேறொன்றும் யோசிக்கவில்லை. "பாவா, நீங்க எறங்குங்க. நீங்க எறங்கினா எல்லாரும் எறங்குவாங்க" என்றேன்.

மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் நாயனத்துக்கு வைத்த மைக் என் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது. "பாவா, நீங்க எறங்குங்க" என்பது ஏரியின் நாலு கரையிலும் கேட்டது. கரையில் யாரோ ஒரு ஆள், "எறங்கு பாவா!" என்று கத்தினான். அதன் பிறகு கரை முழுக்க, "எறங்கு பாவா! எறங்கு பாவா!" ஊருக்கே அவர் பாவாவாகிவிட்டார்.

பாவா என்னைப் பார்த்தார். நான் மோட்டாரைப் பார்த்தேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பரிவட்டம் கலையாமல், அம்மனை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தண்ணீரில் இறங்கினார். தெப்பல் ஒரு விரல் உயரம் மேலே வந்தது. தண்ணீர் இடுப்பைக் கொஞ்சம் தாண்டியது. அவர் நின்ற இடத்தில் இருந்து மற்றவர்களை நிமிர்ந்து பார்த்தார். தலைவரே தண்ணீரில் நிற்கும்போது மேலே நிற்பது பார்வைக்கு நன்றாக இருக்காது என்பது ஒவ்வொருவருக்கும் புரிந்தது. கமிட்டிக்காரர்கள் இறங்கினார்கள். பொருளாளர் சர்க்கரையோடு இறங்கினார். பதவிக்காரரின் ஆட்கள் முதலில் இறங்கி, ஆழம் பார்த்து, பிறகு அவரை இறக்கினார்கள். வீடியோக்காரர் கேமராவைத் தலைமேல் தூக்கிக்கொண்டு இறங்கினார். பழைய தலைவரை இரண்டு பேர் தூக்கி இறக்கினார்கள். அவர் நாற்காலியைக் கேட்டார். கொடுத்தார்கள். அது மிதந்து போய்விட்டது. ஜெனரேட்டர்காரர் கடைசியாக, ஜெனரேட்டருக்குப் புத்திமதி சொல்கிற மாதிரி எதையோ சொல்லிவிட்டு இறங்கினார்.

எல்லோரும் பக்கவாட்டில் விலகியதும் நான் கயிற்றை இழுத்தேன்.

அம்பு மாதிரி போயிற்று. பாவா ஒரு கையால் சட்டத்தைத் தள்ளிக்கொண்டிருந்தார். அந்தக் கை அப்படியே காற்றில் நின்றது. நாயனக்காரர் பின்னால் சாய்ந்தவர் எழுந்து உட்கார்ந்து, விட்ட ராகத்தைப் பிடித்துக்கொண்டார். மேளம் சேர்ந்தது. அம்மன் மேல் இருந்த புகை விலகியது. ஒல்லிப் புரொப்பல்லர் தன் அளவுக்கு ஆள் கிடைத்த சந்தோஷத்தில் பாடிக்கொண்டு போயிற்று. கரையில் குலவையும் விசிலும். அறிவிப்பாளருக்கு என்ன சொல்வதென்று தெரியாமல், "அழகாக! அழகாக!" என்று மட்டும் சொன்னார். முன்னால் நின்று மறைப்பதற்கு யாரும் இல்லாததால், கரையிலிருந்த அத்தனை பேருக்கும் நான் தெரிந்தேன். என் காது சுட்டது.

முதல் சுற்று முடிந்து படித்துறைப் பக்கம் வேகத்தைக் குறைத்தேன். அக்கா கடைசிப் படியில் நின்றிருந்தாள். கூட அவள் ஓரகத்தியும் பக்கத்து வீட்டு அம்மாவும்.

"எடம் கீதில்ல?" என்று கேட்டாள்.

"கீது" என்றேன்.

மூன்று பேரும் ஏறிக்கொண்டார்கள். அம்மன் பக்கத்தில், பாவா நின்ற இடத்தில், அக்கா போய் நின்றாள். பூசாரி அவளைப் பார்த்தார், பிறகு தண்ணீரில் நின்றவர்களைப் பார்த்தார், கற்பூரத்தைக் கொளுத்தினார். நான் மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். பாயிடம் சொன்ன கணக்கு சரியாக வந்திருந்தது.

இறங்கியவர்கள் கரைக்கு நடந்து போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். கரையை ஒட்டி வாய்க்கால் ஆழம். தவிர, நனைந்த வேட்டியோடு ஊருக்கு எதிரே சேற்றில் நடந்து போனால் அது தோல்வி. பாவா இதை மற்றவர்களுக்கு முன்பே புரிந்துகொண்டார். அந்த விஷயத்தில் அவர் கெட்டிக்காரர். இரண்டாவது சுற்றில் நாங்கள் அவரைக் கடந்தபோது, அவர் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றபடி இரண்டு கைகளையும் தலைக்கு மேல் கூப்பி, கண்ணை மூடி, "தாயே!" என்று ஏரியே அதிரக் கத்தினார். ஒரு நொடி தயங்கிவிட்டு பொருளாளரும் கைகூப்பினார். பிறகு கமிட்டி. பிறகு பதவிக்காரர், அவருக்குப் பிறகு அவர் ஆட்கள். ஏரி நடுவில் ஒரு கூட்டம் பக்தியில் நடுங்கிக்கொண்டு நின்றது. குளிரிலும் கொஞ்சம்.

"நல்லா கும்பிடுங்க" என்று அக்கா, அவர்களைப் பார்க்காமல், நேராகப் பார்த்துக்கொண்டு சொன்னாள். மைக்கில் அது விழவில்லை. எனக்கு மட்டும்தான் கேட்டது. பிறகு அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "பரிவட்டம் நனையல பாரு, அந்த மட்டும் பாத்துகினாரு" என்றாள்.

மூன்றாவது சுற்றில் கரையில் இருந்தவர்களில் சிலரும் வேட்டியை மடித்துக்கொண்டு படித்துறைத் தண்ணீரில் இறங்கிக் கும்பிட ஆரம்பித்துவிட்டார்கள். தலைவர் வேண்டுதல் வைத்து இறங்கியிருக்கிறார், அதனால்தான் தெப்பல் நகர்ந்தது என்று கரையில் பேச்சாகிவிட்டது. இப்போது பாவாவும் அப்படித்தான் சொல்கிறார். அம்மன் கனவில் வந்து, நீ இறங்கினால்தான் நான் நகர்வேன் என்று சொன்னதாகச் சொல்கிறார். அம்மன் மைக்கில் என் குரலில் சொன்னதை அவர் சொல்வதில்லை. அதற்காக என் மேல் அவருக்குக் கோபம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. வண்டியை என் ஸ்டாண்டில்தான் விடுகிறார். டோக்கன் வாங்குவதில்லை, ஆனால் முன்பும் வாங்கியதில்லை.

அம்மனை இறக்கிவிட்டுத் திரும்பிப் போய் அவர்களை நாலு நாலு பேராக ஏற்றிக்கொண்டு வந்தேன். முதல் நடையில் யார் ஏறுவது என்று அங்கேயும் தகராறு நடந்தது. பாவா கடைசி நடையில் வந்தார்.

மறுநாள் காலையில் கமிட்டி கூடியது. அடுத்த தெப்பலுக்கு எல்லோரும் ஏறும்படி அந்தக் கறுப்புப் புரொப்பல்லரையே வாங்கி மாட்டுவது என்று முடிவு செய்தார்கள். பாவாவுக்கு ஜலதோஷம், அவர் வரவில்லை. மாற்றிக்கொண்டு வர, ஒல்லியைச் சாக்குப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு நான் அரக்கோணம் போனேன். வெள்ளிக்கிழமை. பாய் கடை பூட்டியிருந்தது.